வேட்டையாடிகள் ஊரும் தலைமையும் கொண்ட சமூகமானது எப்படி: விடையை மண்ணில் தேடும் முறை

வேட்டையாடியும் மீன் பிடித்தும் கனி, கிழங்கு, விதை திரட்டியும் வாழ்ந்த சிறு குழுக்கள், எந்த வழியாகக் களஞ்சியமும் மதிலும் பரம்பரைச் செல்வமும் தலைமையும் உள்ள சமூகங்களாக மாறின என்பது தொல்லியலின் பெரிய கேள்விகளுள் ஒன்று. இதை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொள்ளும் மாணவர், அகழாய்வுக்கு இடம் தேடுவதற்கு முன்னால் அந்தக் கேள்வியையே பிரித்துப் போட வேண்டும். பிரிக்காமல் இறங்கினால், கிடைக்கும் ஒவ்வொரு பொருளும் ஏற்கெனவே மனத்தில் இருக்கும் கதைக்குச் சான்றாகத் தெரியத் தொடங்கிவிடும்.

அந்தக் கதை நாம் எல்லோரும் பள்ளியிலேயே படித்ததுதான். தொல்லியலாளர் கோர்டன் சைல்டு 1930களில் முன்வைத்த ‘புதிய கற்காலப் புரட்சி’ என்ற கருத்தின்படி உழவு முதலில் வந்தது. உழவால் உபரி வந்தது. உபரியால் ஓரிடத்தில் தங்கி வாழும் ஊரும், உழாமல் உண்ணும் கைவினைஞரும், அவர்களுக்கு மேலே தலைவரும் வந்தனர். வரிசை அழகாக இருக்கிறது. ஆனால் அது பொருந்தாத இடங்கள் உலகெங்கும் கிடைத்துவிட்டன. வட அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரை மக்கள் உழவே செய்யாமல், சால்மன் மீனை நம்பிப் பெரும் பலகை வீடுகளும் பிரபுக் குடும்பங்களும் அடிமைகளும் கொண்ட சமூகங்களாக வாழ்ந்தனர். புளோரிடாவின் கலூசா மக்களுக்கு அரசனே இருந்தான். 1566 இல் அவனைச் சந்தித்த ஸ்பானியர், இரண்டாயிரம் பேர் நிற்கத்தக்க அவனது மண்டபத்தைப் பற்றி எழுதிவைத்தனர். மேற்குச் சைபீரியாவின் அம்னியாவில் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்பே வேட்டையாடிகள் தங்கள் குடியிருப்பைச் சுற்றி அகழியும் மரவேலியும் அமைத்திருந்தனர்.

கேள்வியை இழைகளாகப் பிரித்தல்

‘காம்ப்ளெக்ஸ் சொசைட்டி’ என்பதைச் ‘சிக்கலான சமூகம்’ என்று மொழிபெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. தமிழில் அந்தச் சொல், ஏதோ தொல்லையில் மாட்டிக்கொண்ட சமூகம் என்ற பொருளைத் தந்துவிடுகிறது. ‘படிநிலைச் சமூகம்’ என்றால் ஏற்றத்தாழ்வு ஒன்றை மட்டுமே குறிக்கிறது. இங்கே ‘சிக்கலமைப்பு’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அது ஒரே பொருளின் பெயர் அன்று, பல இழைகள் முறுக்கிக்கொண்ட கயிற்றின் பெயர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த இழைகளுள் குறைந்தது ஆறு தனித்தனியே தேடத்தக்கவை: ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் தங்குதல், உணவைச் சேமித்தல், குடும்பங்களுக்கிடையே ஏற்றத்தாழ்வு, பலர் கூடிச் செய்த பெருவேலை, தொலைதூரப் பரிமாற்றம், அமைப்பாக நடத்தப்பட்ட பூசல். ஒன்று இருந்தால் மற்றவையும் இருந்திருக்கும் என்று கருதுவதுதான் இத்துறையில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தாய். ஆகவே ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே, எந்த இழையைத் தேடுகிறோம், எது கிடைத்தால் அது இருந்தது என்போம், எது கிடைத்தால் இல்லை என்று ஒப்புக்கொள்வோம் என்று எழுதிவைக்க வேண்டும். மூன்றாவதைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை.

இழைகளைப் பிரிக்க இரண்டு பழைய கருத்துகள் இன்றும் நன்றாக உதவுகின்றன. உணவு இருக்கும் இடத்துக்கு ஆட்கள் போகிறார்களா, ஆட்கள் இருக்கும் இடத்துக்கு உணவு வருகிறதா என்று கேட்கச் சொன்னார் தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்டு, 1980 இல். இரண்டாவது வகை மக்கள் ஒரு நிலையான முகாமை வைத்துக்கொண்டு, சிறு அணிகளை வெளியே அனுப்பி உணவைக் கொண்டுவரச் செய்வர். ஆகவே அவர்கள் விட்டுச்சென்ற தடங்களில் பெரிய குடியிருப்பும், சுற்றிலும் ஒரே வேலைக்கென அமைந்த சிறிய வேட்டை நிலைகளும் தெரியும். மானிடவியலாளர் ஜேம்ஸ் உட்பர்ன் 1982 இல், உழைப்பின் பலனை அன்றன்றே உண்பவர், பலனுக்குக் காத்திருப்பவர் என்று வேறொரு கோட்டை வரைந்தார். மீன் பிடிக்கும் அணைக்கும், பெரிய படகுக்கும், நிறைந்த களஞ்சியத்துக்கும் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதை யாராவது காக்கவும் வேண்டும். காப்பவருக்கு உரிமை பிறக்கிறது. அதே ஆண்டில் இன்னொரு மானிடவியலாளர் அலன் தெஸ்தார், மக்களைப் பிரிக்கும் கோடு உழவு அன்று, சேமிப்பே என்று வாதிட்டார். மூவரின் கருத்துகளையும் நம்பியே ஆக வேண்டும் என்பதில்லை. அவை மண்ணில் சோதிக்கத்தக்க வடிவில் இருப்பதே அவற்றின் பயன்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

கண்ணைப் பறிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆசையை முதலில் அடக்க வேண்டும். நம் கேள்வி மாற்றத்தைப் பற்றியது. ஆகவே மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள மண்ணடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடர்ந்து கிடைக்கும் இடமே வேண்டும். ஒரே ஒரு நூற்றாண்டின் அற்புதமான எச்சங்களைவிட, இரண்டாயிரம் ஆண்டுகளின் சாதாரணக் குப்பை நமக்கு அதிகம் சொல்லும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, எச்சங்கள் அழியாமல் இருக்கும் சூழல். கலிலேயக் கடல் என்னும் ஏரியின் கரையில் உள்ள ஒகாலோ 2, ஏறத்தாழ 23,000 ஆண்டுகளுக்கு முந்தைய முகாம். தண்ணீருக்கடியில் காற்றுப் புகாமல் கிடந்ததால் தழைக் குடிசைகளின் தரையும், நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட தாவர வகைகளின் எச்சங்களும் எஞ்சியிருந்தன. 1989 இல் ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்தபோதுதான் அது வெளிப்பட்டது. அமெரிக்காவின் ஒசெட்டில் பலகை வீடுகள் மண்சரிவில் புதைந்ததால், 1970 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. அவற்றுள் மிகுதியானவை மரத்தாலும் நாராலும் ஆனவை. உலர்ந்த மண்ணில் இருந்திருந்தால் ஒன்றும் எஞ்சியிருக்காது. தாங்கள் தோண்டும் இடத்தில் எது அழிந்திருக்கும் என்று பட்டியலிடாமல், கிடைத்ததை மட்டும் வைத்து வாழ்க்கையை வரைவது ஆபத்து.

இதே ஆபத்து உலக அளவிலும் உண்டு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடும் பனிக்காலத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அக்காலக் கடற்கரைகளில் வாழ்ந்தவர்களின் குடியிருப்புகள் பெரும்பாலும் இன்று நீருக்குள் இருக்கின்றன. உழவில்லாமலேயே செழித்த சமூகங்களில் மிகப் பல மீன்வளம் மிக்க கரைகளில் இருந்தவை என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், சிக்கலமைப்பு இத்தனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்தான் தொடங்கியது என்று அறுதியிட்டு எழுதக் கை கூசும்.

துருக்கியின் கோபெக்லி தெபே தரும் பாடம் வேறு. கிளாஸ் ஷ்மிட் 1995 இல் தொடங்கிய அகழாய்வில், கி.மு. 9500 அளவில் உழவுக்கு முந்தைய மக்கள் எழுப்பிய ‘டி’ வடிவக் கல்தூண்கள், சில ஐந்து மீட்டருக்கும் மேல் உயரமானவை, வெளிப்பட்டன. யாரும் தங்கி வாழாத, வழிபாட்டுக்கு மட்டும் கூடிய இடம் அது என்றும், கோயில் முதலில் வந்தது, ஊர் பிறகு வந்தது என்றும் ஒரு புதிய கதை உலகெங்கும் பரவியது. பின்னர் அங்கேயே குடியிருப்புக் கட்டடங்களும், மழைநீரைத் தேக்கும் தொட்டிகளும், ஆயிரக்கணக்கான அரைகற்களும் கவனத்துக்கு வந்தபோது, ‘யாரும் தங்கவில்லை’ என்ற பகுதி கைவிடப்பட்டது. தூண்கள் உள்ள வட்டங்களை முதலில் தோண்டினால் தூண்களே கிடைக்கும். ஆகவே குழிகளில் ஒரு பகுதியைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் தற்செயல் முறையில் இடுங்கள்.

காலக்கணிப்பு

எது முன், எது பின் என்பதே நம் வாதம் முழுவதையும் தாங்கும் தூண் என்பதால், காலக்கணிப்பில் கஞ்சத்தனம் கூடாது. உயிர் இறந்தபின் அதன் எச்சத்தில் சிதைந்து குறையும் கதிரியக்கக் கரிமத்தை அளப்பது கரிமம்-14 முறை. அந்தக் கரிமம் பாதியாகக் குறையும் காலம், அதாவது அரை ஆயுட்காலம், 5,730 ஆண்டுகள்; ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரை அளக்கலாம். ஆனால் ஆய்வகம் தரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், மர வளையங்கள் முதலியவற்றால் உருவாக்கப்பட்ட அளவுத்திருத்த வளைகோட்டைக் கொண்டு நாட்காட்டி ஆண்டாக மாற்ற வேண்டும். இப்போது வழக்கில் இருப்பது 2020 ஆம் ஆண்டு வெளிவந்த வளைகோடு.

மாதிரி எடுக்கும்போது பெரிய மரத்துண்டின் கரியைத் தவிர்த்து, விதை, கொட்டை ஓடு, சிறு கிளை ஆகியவற்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். முந்நூறு ஆண்டு வளர்ந்த மரத்தின் உள்வயிரம், அடுப்பில் எரிந்த நாளுக்கு முந்நூறு ஆண்டு முந்தைய காலத்தைக் காட்டும். மீன் உண்டவர்களின் எலும்பில் இன்னொரு சிக்கல் உண்டு: நீரில் கரைந்திருக்கும் பழைய கரிமம் உணவுவழி உடலில் சேர்வதால், அவர்கள் உண்மையைவிடச் சில நூறு ஆண்டு முந்தையவர்போலத் தோன்றுவர். வேட்டையாடிகளில் செழித்த குழுக்கள் பலவும் மீனுண்டவை என்பதால், இது ஓரத்தில் வைத்துவிடக்கூடிய நுணுக்கம் அன்று.

ரஷ்யாவின் ஒனேகா ஏரியில் உள்ள ஒலேனி தீவின் இடுகாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1930களில் நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட புதைகுழிகள் அங்கே தோண்டப்பட்டன. 1984 இல் அப்புதைகுழிகளின் பொருள் வேறுபாடுகளை எண்ணிப் பார்த்த ஆய்வாளர் இருவர், அங்கே பரம்பரைத் தகுதி வேறுபாடு இருந்தது என்று வாதிட்டனர். மனித எலும்பையும் விலங்கு எலும்பையும் ஒப்பிட்டுத் திருத்திய புதிய காலக்கணிப்பு 2022 இல் வெளிவந்தபோது, இடுகாடு முழுவதும் ஏறத்தாழ 8,200 ஆண்டுகளுக்கு முன் உலகின் வடபகுதியைத் தாக்கிய குளிர்க்காலத்தோடு ஒன்றி, ஓரிரு நூற்றாண்டுகளுக்குள் அடங்கிவிட்டது. குளிர் வந்தபோது சிறிய ஏரிகளில் மீன் குறைந்து, மக்கள் பெரிய ஏரியின் கரையில் நெருங்கி வாழ நேர்ந்திருக்கலாம். குளிர் நீங்கியபின் கலைந்திருக்கலாம். அதே புதைகுழிகள், அதே பொருள்கள். காலம் சுருங்கியதும் கதை மாறிவிட்டது.

சல்லடையும் தண்ணீர்த் தொட்டியும்

ஆறு மில்லிமீட்டர் கண் கொண்ட சல்லடையில் சலித்தால் மான் எலும்பு நிற்கும். சிறு மீனின் முள்ளெலும்பும் எலியின் தாடையும் விதையும் மண்ணோடு போய்விடும். பிறகு ‘இவர்கள் பெருவிலங்கு வேட்டையாடிகள்’ என்று அறிக்கை எழுதப்படும். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் குறிப்பிட்ட கொள்ளளவு மண்ணை, பத்து லிட்டரோ இருபது லிட்டரோ, தனியே எடுத்துத் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். கரியாகிப்போன விதைகள் மேலே மிதக்கும். அவற்றை நுண்வலையில் வடித்து நிழலில் உலர்த்த வேண்டும். கனமானவை அடியில் தங்கும். அவற்றையும் ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் அலச வேண்டும். எத்தனை லிட்டர் மண்ணில் எத்தனை விதை என்று எழுதாவிட்டால், இரு அடுக்குகளை ஒப்பிடவே முடியாது.

தங்கி வாழ்ந்தார்களா?

இந்த இழையைக் கண்டறிவதில் கல் வீடுகளை நம்பிவிடுவது எளிது. பாடுபட்டுக் கட்டிய வீட்டை ஆண்டில் நான்கு மாதம் மட்டும் பயன்படுத்தியவர்களும் உண்டு. ஆகவே வீட்டைவிட, வீட்டில் நிகழ்ந்த பருவங்களைத் தேட வேண்டும். மீனின் செவிக்கல்லிலும் சிப்பியின் ஓட்டிலும் வளர்ச்சி வளையங்கள் உண்டு. கடைசி வளையத்தின் நிலை, அது எந்தப் பருவத்தில் பிடிபட்டது என்று காட்டும். மானின் பல்வேரில் படியும் சிமெண்டம் அடுக்குகளும் அப்படியே. வலசை வரும் பறவையின் எலும்பு, அது வரும் மாதங்களில் யாரோ அங்கே இருந்தார்கள் என்று சொல்லும். நான்கு பருவங்களுக்கும் சான்று கிடைத்தாலும், அவை ஒரே ஆண்டின் நான்கு பருவங்களா, வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு பருவங்களில் வந்துபோனவர்களின் தடங்களா என்ற கேள்வி மிஞ்சும்.

அந்தக் கேள்விக்கு விடை தருவதில் எனக்கு மிகப் பிடித்த சாட்சி, வீட்டெலி. மனிதர் நெடுநாள் ஓரிடத்தில் தங்கினால், சிந்திய தானியத்தை நம்பி வீட்டெலி பெருகி, காட்டில் வாழும் உறவினமான எலியை விரட்டிவிடும். மனிதர் அடிக்கடி இடம் பெயர்ந்தால் காட்டெலி மீண்டும் கை ஓங்கும். மேற்காசியாவில் ஏறத்தாழ 15,000 முதல் 11,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நத்தூபியர்களின் ஐன் மல்லாகா என்னும் குடியிருப்பில் கிடைத்த எலிப் பற்களின் வடிவத்தை அளந்து, 2017 இல் ஆய்வாளர்கள் இதைக் காட்டினர். கென்யாவில் இன்றும் இடம் பெயர்ந்து வாழும் மாசாய் மக்களின் குடியிருப்புகளில் எலி வகைகளின் விகிதத்தை எண்ணி, தங்கள் வாதத்துக்கு அளவுகோலும் தேடிக்கொண்டனர். உழவு தொடங்குவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டு முன்பே மக்கள் தங்கி வாழத் தொடங்கியதும், பிற்கால நத்தூபியர் மீண்டும் அலையத் தொடங்கியபோது எலி விகிதமும் திரும்பியதும் அதில் தெரிந்தன. ஆகவே சலிக்கும்போது எலிப் பல்லைக் குப்பையில் போடுபவரை அகழாய்வுக் குழியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சேமித்தார்களா? யாருக்காக?

சேமிப்புக் குழியைக் குப்பைக் குழியிலிருந்து பிரித்தறிவது முதல் வேலை. சேமிப்புக் குழியின் சுவர் நேராக வெட்டப்பட்டிருக்கும். உள்ளே களிமண் பூச்சோ நெருப்பால் இறுகிய தரையோ இருக்கலாம். கடைசியில் அது குப்பையால் நிரம்பியிருந்தாலும், அந்தக் குப்பை குழியின் பயன் முடிந்தபின் வந்தது. யோர்தானின் தாரா என்னுமிடத்தில் 11,300 ஆண்டுகளுக்கு முந்தைய குதிர்கள் கிடைத்தன: கற்களின்மேல் மரம் பரப்பி, தரையை உயர்த்தி, கீழே காற்றோட்டம் விட்டு, எலிக்கும் ஈரத்துக்கும் தப்பும்படி கட்டப்பட்டவை. அவற்றில் வைக்கப்பட்ட வாற்கோதுமை இன்னும் காட்டுத் தாவரமாகவே இருந்தது.

குதிர் இருந்தது என்று எழுதி நிறுத்திவிடக் கூடாது. அது எங்கே இருந்தது என்பதுதான் இன்னும் முக்கியம். தாராவில் குதிர்கள் வீடுகளுக்கு வெளியே, கட்டடங்களுக்கு நடுவே இருந்தன. அதே நிலப்பகுதியில், பின்வந்த ஆயிரம் ஈராயிரம் ஆண்டுகளில் சேமிப்பு வீட்டுக்குள் நகர்ந்தது. பொதுவெளியில் இருக்கும் தானியம் எல்லோர் கண்ணிலும் படும். கேட்பவருக்கு இல்லை என்று சொல்ல முடியாது. உள்ளறையில் இருக்கும் தானியத்தின் அளவு அந்த வீட்டாருக்கு மட்டுமே தெரியும். உடைமை என்ற கருத்தை மண்ணில் தேட இதைவிட நேரான வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு குழியின் கொள்ளளவையும், அருகிலுள்ள கதவுக்கும் அதற்கும் இடையேயான தொலைவையும் அளந்து வரைபடத்தில் குறித்தால், இந்த மாற்றத்தை எண்களிலேயே பார்க்கலாம்.

தானியம் மட்டுமே சேமிப்பு அன்று. சுவீடனின் நோர்யே சுன்னன்சுண்டில் 9,200 ஆண்டுகளுக்கு முன் மீனைப் புளிக்கவைத்துச் சேமித்த பள்ளம் ஒன்று, நெருங்கிக் கிடந்த மீனெலும்புகளால் அடையாளம் காணப்பட்டது. வட அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரையில் கற்சுவர் கட்டி மட்டிகளுக்கு இடம் விரித்த ‘மட்டித் தோட்டங்கள்’ குறைந்தது 3,500 ஆண்டுப் பழமையானவை. அங்கே கரையே களஞ்சியம்.

ஏற்றத்தாழ்வை அளத்தல்

புதைகுழிகளே இங்கு அதிகம் பேசப்படும் சான்று. அதிகம் ஏமாற்றும் சான்றும் அவையே. சிறு குழந்தை தன் முயற்சியால் புகழ் ஈட்டியிருக்க முடியாது. ஆகவே குழந்தையின் புதைகுழியில் செல்வம் இருந்தால் தகுதி பிறப்பால் வந்தது என்பது வழக்கமான வாதம். ரஷ்யாவின் சுங்கீரில் ஏறத்தாழ 34,000 ஆண்டுகளுக்கு முன் தலையோடு தலை வைத்துப் புதைக்கப்பட்ட இரண்டு சிறுவர்களோடு மாமூத் என்னும் பனிக்கால யானையினத்தின் தந்தத்தில் செய்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மணிகள் இருந்தன. ஒவ்வொரு மணிக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைப்பு என்று மதிப்பிட்டுள்ளனர். பரம்பரைப் பிரபுக்கள் என்று முடிவு கட்டத் தோன்றுகிறது. ஆனால் ஒரு சிறுவனின் தொடையெலும்புகள் வளைந்திருந்தன; இருவரும் நெருங்கிய இரத்த உறவினர் அல்லர் என்று 2017 இல் மரபணு ஆய்வு காட்டியது; செல்வம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்ததற்கான அடுத்தடுத்த புதைகுழிகளும் இல்லை. அசாதாரண உடலுக்கோ அசாதாரண இறப்புக்கோ செய்த சடங்காகவும் அது இருக்கலாம். நத்தூபியரின் ஹிலசோன் தக்தித் குகையில் ஐம்பது ஆமைகளின் ஓடுகளோடு புதைக்கப்பட்ட பெண்ணை மருத்துவச் சடங்கு செய்தவர் என்று கருதுகின்றனர். அவரிடம் செல்வாக்கு இருந்திருக்கலாம், செல்வம் இருந்தது என்று அதனால் ஆகிவிடாது. ஒற்றைப் புதைகுழியை ஒருபோதும் சமூகத்தின் உருவமாகக் கொள்ளாமல், ஓர் இடுகாட்டின் எல்லாப் புதைகுழிகளையும் வயது, பால், காலம் வாரியாகப் பரப்பிப் பார்க்க வேண்டும். உடலையும் பொருளோடு சேர்த்துப் படிக்க வேண்டும்: பற்சிப்பியில் விழுந்த கோடுகள் குழந்தைப் பருவப் பட்டினியையோ நோயையோ காட்டும், எலும்பின் நைட்ரஜன் ஐசோடோப்பு யாருக்கு மீனும் இறைச்சியும் கூடுதலாகக் கிடைத்தன என்று காட்டும், பல்லின் ஸ்ட்ரான்சியம் யார் வேறு நிலத்தில் பிறந்து வந்தவர் என்று காட்டும்.

வீடுகளின் பரப்பளவு இதைவிட நிதானமான சாட்சி. பொருளியலில் வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் கினிக் குறியீட்டை வீட்டுப் பரப்புக்குப் பொருத்தலாம். எல்லா வீடும் சமமென்றால் 0, ஒரே வீட்டிடம் எல்லாம் என்றால் 1. உலகின் அறுபதுக்கும் மேற்பட்ட தொல்லிடங்களை ஒப்பிட்டு 2017 இல் வெளிவந்த ஆய்வில், வேட்டையாடிகளுக்குச் சராசரி 0.17, தோட்டப் பயிர் செய்தோருக்கு 0.27, முழு உழவர்களுக்கு 0.35 எனக் கிடைத்தது. சராசரி சராசரிதான், உங்கள் இடம் அதில் எங்கே விழுகிறது என்று பார்க்கவே அது பயன்படும். பெரிய வீடு பணக்கார வீடாகவும் இருக்கலாம், பெரிய குடும்பத்தின் வீடாகவும் இருக்கலாம். அடுப்புகளை எண்ணினால் இந்த ஐயம் பெரும்பாலும் தீரும்.

கூட்டுப் பெருவேலையைக் கணக்கிடுதல்

அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள பாவர்ட்டி பாயிண்டில், உழவறியா மக்கள் கி.மு. 1700 முதல் 1100 வரையிலான காலத்தில் அரைவட்ட மண்வரப்புகளையும் 22 மீட்டர் உயரமுள்ள பெரிய மேட்டையும் எழுப்பினர். அந்த மேட்டின் மண் ஏறத்தாழ 2,38,000 கன மீட்டர். மழை மிகுந்த அப்பகுதியில், மேட்டின் அடுக்குகளுக்கிடையே மழைநீர் அரித்த தடமோ புல் முளைத்த மண்ணோ இல்லாததால், மூன்று மாதங்களுக்குள் கட்டி முடிக்கப்பட்டிருக்கலாம் என்று கூறுகின்றனர்.

இத்தகைய வேலையை ஆள்நாளாக, அதாவது ஒருவர் ஒரு நாளில் செய்யும் வேலை என்ற அளவில், மாற்றிப் பார்க்க வேண்டும். மெக்சிகோவில் செய்து 1965 இல் வெளியிடப்பட்ட சோதனையில், தோண்டுகோல் கொண்டு ஒருவர் ஐந்து மணி நேர வேலைநாளில் 2.6 கன மீட்டர் மண் தோண்டினார். அந்த வீதத்தில் தோண்டுவதற்கு மட்டும் ஏறத்தாழ 91,500 ஆள்நாள். தொண்ணூறு நாளில் முடிக்க நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கு மேல். சுமப்போர், கொட்டி இறுக்குவோர், சமைப்போர் தனி. இத்தனை பேருக்கு உணவு எங்கிருந்து வந்தது, யார் அழைத்தார்கள் என்ற கேள்விகள் உடனே எழும். அங்கே பெரும் ஏரிகள் பகுதியிலிருந்து செம்பும், வேறு தொலைவிடங்களிலிருந்து கற்களும் வந்துள்ளன. ஆனால் தலைவனின் புதைகுழி என்று சொல்லத்தக்கது எதுவும் கிடைக்கவில்லை. பெருவேலையும் தொலைதூரப் பரிமாற்றமும் உச்சத்தில், ஏற்றத்தாழ்வோ கண்ணுக்குத் தெரியவில்லை. இழைகளைத் தனித்தனியே தேடாதவர், இந்த மேட்டைக் கண்டதும் ஓர் அரசனைக் கற்பனை செய்துவிடுவார்.

இழைகளை வரிசைப்படுத்துதல்

ஒவ்வோர் இழைக்கும் ஒரு கோடு வரைந்து, அது எப்போது தோன்றி எப்போது மறைந்தது என்பதை ஐயத்தின் அகலத்தோடு குறியுங்கள். அதன்பின் போட்டி விளக்கங்களை அந்தப் படத்தின்மேல் வைத்துப் பாருங்கள். மக்கள் பெருகி உணவு போதாமல் சேமிக்கத் தொடங்கினர் என்றால், சேமிப்புக்கு முன்னே உணவு வகைகள் சிறு விதை, சிறு மீன் என்று இறங்கியிருக்க வேண்டும். எலும்பில் பட்டினியின் தடம் இருக்க வேண்டும். வளம் மிகுந்து, விருந்து வைத்துச் செல்வாக்குத் தேடியவர்களே ஏற்றத்தாழ்வைக் கொண்டுவந்தனர் என்றால், பெரிய சமையல் குழிகளும் அரிய பொருள்களும் பட்டினிக்கு முன்னே வர வேண்டும். தட்பவெப்பமே காரணம் என்றால், ஏரிப் படிவுகளின் மகரந்தம் காட்டும் மாற்றம் குடியிருப்பின் மாற்றத்துக்கு முந்தியிருக்க வேண்டும். பிந்தியிருந்தால் அந்த விளக்கத்தை விட்டுவிட வேண்டும்.

கோடுகள் மறைவதையும் மறைக்காமல் காட்ட வேண்டும். பிற்கால நத்தூபியரும் ஒலேனி தீவினரும் கலைந்ததுபோல, மேடு எழுப்பியவர்களின் வழித்தோன்றல்கள் பல நூற்றாண்டுகள் மேடின்றி வாழ்ந்ததுபோல, சிக்கலமைப்பு வந்துபோகக்கூடியது. இன்று வேட்டையாடி வாழும் மக்களைப் பண்டைய காலத்தின் மிச்சமாகக் காட்டி ஒப்பிடுவதும் இதனால்தான் தவறாகிறது. அவர்களுக்கும் அதே அளவு நீண்ட வரலாறு உண்டு. அவர்களின் முன்னோர் எலும்புகளை ஆராய்வதானால், தோண்டும் முன்னே அவர்களிடம் ஒப்புதல் பெற வேண்டும். அமெரிக்காவில் 1990 ஆம் ஆண்டுச் சட்டம் முன்னோரின் எச்சங்களைத் திருப்பிக் கேட்கும் உரிமையையே பூர்வகுடிகளுக்கு அளித்தது.

வெளியிடுதலும் பாதுகாத்தலும்

அறிக்கையில் முடிவுகளோடு மூல எண்ணிக்கைகளையும் தர வேண்டும்: எந்த அடுக்கில் எத்தனை லிட்டர் மண், எந்தச் சல்லடை, எத்தனை எலும்பு, அடையாளம் காண முடியாதவை எத்தனை. தொல்லிடத்தில் குறைந்தது பாதியையாவது தோண்டாமல் விட வேண்டும். எடுத்த எலும்புகளையும், எடுத்த குழியின் எண்ணெழுதிய சீட்டோடு பெட்டியில் வைத்துக் காக்க வேண்டும்.

கனடாவின் கீட்லி கிரீக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட நிலவறை வீடுகளின் பள்ளங்கள் உள்ளன. சிறிய வீடுகளில் மலிவான இளஞ்சிவப்புச் சால்மனும், பெரிய வீடுகளில் உயர்ந்த வகைச் சால்மனும் உண்ணப்பட்டன என்பது, வீட்டுக்கு வீடு இருந்த ஏற்றத்தாழ்வுக்கு நேர்த்தியான சான்றாகச் சொல்லப்பட்டது. முள்ளெலும்பின் வளையங்களை ஊடுகதிர்ப் படத்தில் எண்ணி மீனின் வயதை அறிந்து, அதிலிருந்து வகையை ஊகித்திருந்தனர். 2005 இல் அதே தொல்லிடத்தின் முள்ளெலும்புகளிலிருந்து பண்டைய மரபணுவைப் பிரித்தபோது, இளஞ்சிவப்புச் சால்மன் என்று கருதப்பட்டவற்றுள் ஒன்றுகூட அந்த வகையாக இல்லை. பழைய வாதத்தின் அந்தப் பகுதி விழுந்தது. விழச் செய்ய முடிந்தது, அகழாய்வு தொடங்கிய 1980களில் மரபணு ஆய்வைக் கனவுகூடக் காணாத யாரோ ஒருவர், விரல்நுனியளவு முள்ளெலும்புகளைச் சலித்தெடுத்து, வீட்டு எண்ணும் அடுக்கு எண்ணும் எழுதிப் பெட்டியில் வைத்திருந்ததால்.